பேக்கரிக்குள் ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஒரு காதல்

வட அயர்லாந்தில் நியூரி என்றொரு ஊர். அங்கே ஒரு பழைய பேக்கரி. 1990-களில் அதை மூடிவிட்டு, சுவர்ப் பூச்சை உரித்துப் பார்த்தவர்களுக்கு மயக்கம் வராத குறைதான். உள்ளே ஒரு கோட்டை வீடு! கணப்பு இருக்கிறது, பழைய வாசல்கள் இருக்கின்றன, சன்னல்கள் இருக்கின்றன, துப்பாக்கியை நீட்டிச் சுடுவதற்கான ஓட்டைகள்கூட அப்படியே இருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய பேகனல் கோட்டை, ரொட்டிக்கும் கேக்குக்கும் பின்னால் இத்தனை காலம் சத்தமில்லாமல் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது. இப்போது அது ஊர் அருங்காட்சியகம்.

என்னை யாராவது அங்கே அழைத்துப்போனால் துப்பாக்கி ஓட்டை பக்கம் தலைவைத்தும் பார்க்க மாட்டேன். எந்தச் சன்னல் வடமேற்கைப் பார்த்து இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். ஏனென்றால் வடமேற்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் டங்கானன் இருக்கிறது. டங்கானன் குன்றின் மேல் ஹியூ ஓ'நீல் இருந்தான். நியூரிக் கோட்டையில் மேபல் பேகனல் இருந்தாள். அவளுக்கு இருபது வயதுபோல. அவனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே இரண்டு கல்யாணம் முடிந்தவன். அவளுடைய அண்ணன் கையில் ஒரு ராணுவம். அவன் கையில் ஒரு குலம்.

இதைவிட நல்ல கதை வேண்டுமா உங்களுக்கு? எனக்கு வேண்டாம். வாருங்கள், திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்ப்போம்.

முதலில் ஒரு தகராறை முடித்துவிடுகிறேன். நான் இதை இடைக்காலக் காதல் என்பேன். 1591-இல் நடந்த கதையை இடைக்காலக் காதல் என்று எப்படிச் சொல்லலாம் என்று வரலாற்று ஆசிரியர்கள் பிரம்பைத் தூக்குவார்கள். லண்டனில் இடைக்காலம் முடிந்துவிட்டது, சரி. அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் முடிந்ததா? அங்கே ஓ'நீல் குலத்துக்குத் தலைவனாக வேண்டுமென்றால் டல்லிஹோக் குன்றில் ஒரு கல் ஆசனத்தில் போய் உட்கார வேண்டும். பட்டம் கட்டும்போது தலைக்கு மேலே செருப்பு எறிகிற சடங்கு உண்டு. சட்டம் என்றால் பிரஹன் சட்டம், அதாவது பரம்பரை நீதிமான்கள் வாய்வழியும் ஏட்டுவழியும் காத்துவந்த பழைய ஐரிஷ் (கேலிக்) சட்டம். மணமுறிவுக்கும் இரண்டாவது பெண்ணுக்கும் அது தாராளமாக வழிவிட்டது. கிழக்குக் கரையில் டப்ளினைச் சுற்றி ஒரு வளைவுக்குள்தான் ஆங்கில ஆட்சி வேரூன்றியிருந்தது. அந்த வளைவைத் தாண்டினால் காலண்டரே வேறு. ஆகவே என் கணக்குப்படி இது இடைக்காலக் காதல்தான். பிரம்பைக் கீழே வையுங்கள்.

இப்போது மேபலின் ஜாதகம். இதில்தான் எனக்குக் கொள்ளை ஆசை.

அவளுடைய அப்பா நிக்கோலஸ் பேகனல், இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷைரில் ஒரு தையற்காரரின் மகன். இளவயதில் ஒரு சண்டையில் ஆளைக் கொன்றுவிட்டு அயர்லாந்துக்குத் தப்பி ஓடினார். ஓடி வந்தவர் யாரிடம் போய்ச் சேர்ந்தார் என்று நினைக்கிறீர்கள்? ஓ'நீல் குலத் தலைவர் கான் ஓ'நீலிடம். 1542-இல் கான் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியிடம் போய் டைரோன் பிரபு என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டார். கையோடு, இந்தப் பையனை மன்னித்துவிடுங்கள் என்று நிக்கோலஸுக்காகவும் வாதாடினார். அடுத்த ஆண்டே மன்னிப்பு கிடைத்தது. பிறகென்ன, நிக்கோலஸுக்கு ஏறுமுகம்தான். அயர்லாந்தில் இங்கிலாந்துப் படைக்கு மார்ஷல் ஆனார். நியூரியில் துறவிகளின் மடத்து நிலமெல்லாம் அவர் கைக்கு வந்தது. கோட்டை கட்டினார். தேவாலயம் கட்டினார்.

அந்தக் கானின் பேரன்தான் ஹியூ. அன்று தாத்தா ஒரு கொலைகாரப் பையனுக்காக வாய் திறக்காமல் இருந்திருந்தால், பேரனுக்கு மாமனாரும் இல்லை, மச்சானும் இல்லை, மேபலும் இல்லை. இதைப் படித்த அன்று நான் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மேபலின் அம்மா எலினோர் கிரிஃபித் ஆங்கிலேயப் பெண் அல்ல. வட வேல்ஸில் பென்ரின் குடும்பத்துப் பெண். ஆக, மேபலின் உடம்பில் ஓடியது பாதி ஆங்கில ரத்தம், பாதி வேல்ஸ் ரத்தம். பிறந்து வளர்ந்தது அயர்லாந்து மண். ஆனால் இந்தக் கல்யாணத்தைப் பற்றி எழுந்த கூச்சல் முழுவதிலும் அவள் முழு ஆங்கிலேயப் பெண்ணாகவே வருகிறாள். ரத்தக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு வசதிப்பட்ட பாதி மட்டும்தான் கண்ணில் படும் போலிருக்கிறது.

மாப்பிள்ளையாவது முழுசா? அதுவும் இல்லை. ஹியூவின் அப்பா கொலையானபோது அவன் சிறுவன். ஆங்கில ஆட்சி இருந்த பகுதியில், ஹோவெண்டன் என்ற ஆங்கிலக் குடும்பத்தோடு வளர்ந்தான். ஆங்கிலம் சரளம். லண்டன் அரசவைக்குப் போனால் அங்கத்திய பிரபு, டங்கானனுக்குத் திரும்பினால் குலத் தலைவன். ரத்தத்தால் அவள் பாதி, வளர்ப்பால் அவன் பாதி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு முழு ஆங்கிலேயர் தேறலாம்.

1591 ஜனவரியில் ஹியூவின் இரண்டாவது மனைவி ஷிவான் ஓ'டானல் இறந்தாள். பிப்ரவரியில் மேபலின் அப்பா நிக்கோலஸ் இறந்தார். மார்ஷல் பதவி அதற்கு முன்பே அண்ணன் ஹென்றியின் கைக்கு வந்துவிட்டது, இப்போது வீட்டுப் பொறுப்பும் வந்தது. அந்த ஹென்றியிடம் போய் ஹியூ பெண் கேட்டான். ஒரு முறை அல்ல, பல முறை.

ஹென்றி வேண்டாம் என்று வெட்டிச் சொல்லவில்லை. எலிசபெத் ராணியின் சம்மதம் வேண்டும் என்று இழுத்தான். பெண் கொடுக்க மனமில்லாத வீட்டில் ஜாதகம் பொருந்தவில்லை என்பார்களே, அந்த ரகம். ஆனால் அண்ணன் பக்கமும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போன வருஷம்தான், 1590-இல், ஹியூ தன் பங்காளி ஒருவனைத் தூக்கில் போட்டிருந்தான். சொந்தக் கையாலேயே போட்டான் என்றுகூடப் பேச்சு. அதற்கு விளக்கம் சொல்ல லண்டன் வரை போய்வர வேண்டியிருந்தது. இப்படி ஒருவன் வந்து தங்கையைக் கேட்டால் எந்த அண்ணனுக்கு வயிற்றைக் கலக்காது?

ஹென்றி செய்த வேலை, எந்த ஊர் அண்ணனும் செய்கிற வேலை. தங்கையை அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தான். அக்கா மேரி, சர் பேட்ரிக் பார்ன்வாலின் மனைவி. டப்ளினுக்கு வடக்கே டர்வி என்ற இடத்தில் அவர்களுக்குப் பெரிய மாளிகை. டங்கானனிலிருந்து நல்ல தூரம். பெண் பத்திரமாக இருக்கும்.

அட ஹென்றி! அனுப்பியதுதான் அனுப்பினாய், வேறு வீடு கிடைக்கவில்லையா? அந்த டர்வி மாளிகையின் பூர்வீகமே சரியில்லை. பேட்ரிக்கின் அப்பா பக்கத்திலிருந்த கன்னிமடத்தின் கற்களைக் கொண்டுவந்து கட்டிய வீடு அது. 1571-இல் எட்மண்ட் கேம்பியன் என்ற கத்தோலிக்க அறிஞரை டப்ளின் அதிகாரிகள் தேடியபோது, அவரை ஒளித்துவைத்த வீடும் அதுவே. யாருக்கும் தெரியாமல் ஆளை உள்ளே கொண்டுவருவதும் வெளியே அனுப்புவதும் அந்தச் சுவர்களுக்குப் பழகிப்போன வேலை. (1987-இல் அந்த மாளிகையை இடித்துவிட்டார்கள். நியூரிக்குக் கிடைத்த பேக்கரி பாக்கியம் டர்விக்குக் கிடைக்கவில்லை.)

இனி உள்ளே போகிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வாருங்கள்.

ஜூலையில் ஹியூ டர்விக்கு வந்தான். விருந்தாளியாகத்தான். பேட்ரிக்கும் மேரியும் உபசரித்தார்கள். அந்த வருகையில் மேபலும் ஹியூவும் தனியாகப் பேசிக்கொள்ளக் கொஞ்ச நேரம் கிடைத்திருக்கிறது. அது போதுமாயிருந்தது. இருவரும் வாக்கு மாற்றிக்கொண்டார்கள். அவன் ஒரு தங்கச் சங்கிலி கொடுத்தான், நூறு பவுன் பெறும். நூறு பவுனா என்று கழுத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எடை அல்ல, விலை. இங்கிலாந்துப் பணத்தில் நூறு பவுன். ஆனாலும் அந்தக் காலத்துக்கு அது சின்னத் தொகையா? யாருக்கும் தெரியாமல் வாங்கிக்கொண்ட ஒரு பெண் அதை அக்கா கண்ணில் படாமல் எங்கே வைத்திருந்தாள் என்பதுதான் என் தலையைக் குடைகிறது. இருபது நாள் போல மறைத்து வைத்திருக்கிறாள்!

இருபது நாளில் அவன் மறுபடி வந்தான். இந்தமுறை கூடச் சில ஆங்கிலேய நண்பர்கள். சாப்பாடு நடந்தது. சாப்பிட்டு முடித்துக் கூட்டம் அரட்டையிலும் விளையாட்டிலும் இருந்த நேரத்தில், வில்லியம் வாரன் என்ற நண்பன் எழுந்து வெளியே போனான். மேபலும் நழுவினாள். வாரன் குதிரையில் ஏறினான். அவனுக்குப் பின்னால் அவள் ஏறினாள். குதிரை டப்ளின் பக்கம் பறந்தது.

ஹியூ என்ன செய்தான்? உள்ளேயே உட்கார்ந்திருந்தான்! இதுதான் இந்தத் திட்டத்தின் அழகு. எல்லோர் கண்ணும் மாப்பிள்ளை மேல் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் நாற்காலியில் இருக்கிற வரை வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. குதிரை போதுமான தூரம் போய்விட்டது என்று தெரிந்த பிறகு எழுந்தான், மரியாதையாக விடைபெற்றான், போய்விட்டான். நாலு வருஷம் கழித்து இங்கிலாந்துப் படைகளைக் காட்டிலும் சதுப்பிலும் வைத்து மடக்கப்போகிற தளபதியின் மூளை அன்று டர்வி சாப்பாட்டு அறையில் ஒத்திகை பார்த்திருக்கிறது.

நம் சங்கப் புலவர்கள் இதற்கு உடன்போக்கு என்று பெயர் வைத்து, தலைவனுக்கு உதவ ஒரு பாங்கனையும் வைத்தார்கள். வாரன் சாட்சாத் பாங்கன். சங்கிலி கொடுத்த வாக்குக்கும் அவனே சாட்சி, குதிரையும் அவனுடையது, போய்ச் சேர்ந்த வீடும் அவனுடையது. டப்ளினை ஒட்டிய டிரம்காண்ட்ராவில் அவனுக்கு ஒரு கோட்டை வீடு இருந்தது. ஆனால் பாங்கன் ஓர் ஆங்கிலேயன் என்பதைக் கவனித்தீர்களா? விருந்தில் திரையாக உட்கார்ந்திருந்த நண்பர்களும் ஆங்கிலேயர்கள். தாலி கட்டிவைக்கப்போகிற பாதிரியாரும் ஆங்கிலேயர். ஐரிஷ் குலத் தலைவன் ஓர் ஆங்கிலேயப் பெண்ணைக் கடத்திவிட்டான் என்று பின்னால் ஊரெல்லாம் கூவினார்கள். அந்தக் கடத்தல் கம்பெனியின் ஊழியர் பட்டியலில் மாப்பிள்ளை ஒருவன்தான் ஐரிஷ்.

பாதிரியார் சாதாரண ஆளல்ல. மீத் மறைமாவட்டத்தின் பிஷப் தாமஸ் ஜோன்ஸ். டப்ளினிலிருந்து அவரை டிரம்காண்ட்ராவுக்கு வரவழைத்தார்கள். 1591 ஆகஸ்ட் 3. அங்கே வந்து பார்த்தால், ராணியின் மார்ஷலுடைய தங்கை நிற்கிறாள், பக்கத்தில் டைரோன் பிரபு நிற்கிறான். பிஷப்புக்கு எப்படி வியர்த்திருக்கும்! இங்கிலாந்தில் வால்டர் ராலே ராணிக்குத் தெரியாமல் ரகசியக் கல்யாணம் செய்துகொண்டதும் இதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு விஷயம் வெளியே வந்ததும் கணவன் மனைவி இருவரையும் எலிசபெத் ராணி டவர் சிறையில் தள்ளினாள்.

நாம் எட்டிப் பார்ப்பதற்கு ஓட்டை போட்டுக் கொடுத்ததே பிஷப்பின் இந்தப் பயம்தான். பயந்தவர்கள் நீளமாகக் கடிதம் எழுதுவார்கள். லண்டனில் ராணியின் மூத்த அமைச்சர் பர்லி பிரபுவுக்கு அவர் பின்னால் விளக்கம் எழுதினார். பெண்ணைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டேன், வாக்குக் கொடுத்தது உண்மை என்றாள், சங்கிலி வாங்கியதும் உண்மை என்றாள், யாரும் வற்புறுத்தவில்லை, தானாகத்தான் வந்தேன் என்றாள், இனி அவள் பேரைக் காப்பாற்ற ஒரே வழி கல்யாணம்தான் என்று முடித்துவைத்தேன் என்பது அதன் சாரம். இங்கிலாந்துத் திருச்சபை முறைப்படி கல்யாணம். எந்த முறை என்றாலும் மாப்பிள்ளை சரி என்றிருப்பான் என்று தோன்றுகிறது.

அந்தக் கடிதத்தை எழுதியது பிஷப்பின் தோலைக் காப்பாற்றிக்கொள்ள. இருந்தாலும் எனக்கு அதுதான் தங்கம். மற்ற கடிதங்களில் மேபலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இதில் மட்டும் அவளிடம் ஒருவர் கேட்கிறார், அவள் பதில் சொல்கிறாள். கதவு சாத்திய ஓர் அறை. ஒரு பிஷப். ஓர் இருபது வயதுப் பெண். ஆமாம், நானாகத்தான் வந்தேன்.

கவலைப்பட்ட பிஷப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் டப்ளின் பேராயர் ஆனார், அயர்லாந்தின் லார்டு சான்சலரும் ஆனார்.

அடுத்த கடிதம் அண்ணனுடையது. ஹென்றி கொதித்தான். இந்தக் கலகக்கார இனத்தை அடக்கத் தன் குடும்பம் சிந்திய ரத்தம் இப்போது அந்தத் துரோகக் கொடியோடே கலந்துவிட்டதே என்று லண்டனுக்கு எழுதிப் புலம்பினான். அதோடு நிற்கவில்லை, வக்கீல் மூளையையும் போட்டான். ஹியூவின் முதல் கல்யாணம் முறைப்படி முறிந்ததா? முறியாவிட்டால் என் தங்கை கல்யாணம் எப்படிச் செல்லும்? விசாரணை நடந்தது. ஹியூ சளைக்கவில்லை. 1574-லேயே அந்தத் திருமணம் செல்லாது என்று வந்த தீர்ப்பைக் காட்டினான். வாய்ச்சட்டம் பேசுகிற காட்டு ராஜா என்று நினைத்திருந்தவர்கள் முன்னால் காகிதத்தை நீட்டினால் எப்படி இருந்திருக்கும்!

ஹென்றிக்குக் கடைசியில் ஓர் ஆயுதம் மிச்சமிருந்தது. சீதனம். அப்பா விட்டுப்போன 1000 பவுன் மேபலுக்கு வர வேண்டும். தர மாட்டேன் என்றான். ஹியூ கேட்டுக்கொண்டே இருந்தான், அவன் கொடுக்காமலே இருந்தான். பின்னால் ஹியூவுக்கும் ராணிக்கும் மூண்ட, அந்தக் காலத்தின் மிகப் பெரிய போர்களில் ஒன்றின் முன்கதையில் ஒரு சீதனப் பாக்கி உட்கார்ந்திருக்கிறது. போருக்குப் பெரிய காரணங்கள் ஆயிரம் உண்டு: நிலம், மதம், ராணியின் அதிகாரிகள் குலங்களின் எல்லைக்குள் ஒவ்வொன்றாகக் கால்வைத்தது, யார் அல்ஸ்டருக்கு எஜமான் என்ற கேள்வி. தெரியும். ஆனால் மச்சான் சண்டை என்றால் அதில் ஒரு தனி உக்கிரம் உண்டு, அதை ராஜதந்திர நூல்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

மூன்றாவது கடிதம் மாப்பிள்ளையுடையது. இதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. தான் ஏன் இந்தப் பெண்ணைக் கட்டினேன் என்று லண்டனுக்கு ஹியூ விளக்குகிறான்: என் வீட்டுக்கும் என் நாட்டு மக்களுக்கும் நாகரிகம் கொண்டுவரத்தான், அவளுடைய நல்ல முயற்சியால் அந்த வேலை தொடங்கியும்விட்டது! காதல் என்ற பேச்சே இல்லை. லண்டன் கேட்க ஆசைப்பட்டது எதுவோ அதையே எழுதியிருக்கிறான். டர்வி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அதே ஆள், அதே முகம். இதை அவள் படித்திருந்தால் சங்கிலியைக் கழற்றி அவன் மேல் வீசியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

டங்கானனில் என்ன ஆயிற்று? புது மனைவிக்காகவோ புது அந்தஸ்துக்காகவோ, ஹியூ வீட்டை ஆங்கில பாணியில் எடுத்துக் கட்ட முனைந்தான். கோட்டைக் கூரைக்கு ஈயத் தகடு வேண்டும் என்று சொல்லி ஏராளமான ஈயத்தை இறக்குமதி செய்ய அனுமதி வாங்கினான். அந்த ஈயமெல்லாம் பிறகு துப்பாக்கிக் குண்டாக உருகியது என்று, அந்தப் போரைக் கிட்ட இருந்து எழுதிய ஃபைன்ஸ் மோரிசன் சொல்கிறார். கூரைக்கு வந்த ஈயம் மச்சானுக்குப் போயிற்று! 2007-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் 'டைம் டீம்' தொல்லியல் குழு அந்த டங்கானன் குன்றைத் தோண்டிப் பார்த்தது. நெடுங்காலம் ராணுவமும் போலீசும் காவல் இருந்த குன்று அது. ஓ'நீல் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் சுற்றுவட்டாரம் முழுக்கக் கண்ணில் விழும், அதனால்தான் வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்தார்கள்.

காதல் கதையின் அடுத்த பகுதியை நான் வேகமாகக் கடக்கிறேன், மன்னியுங்கள். ஹியூவுக்கு வேறு பெண்களோடு தொடர்பு இருந்தது. கேலிக் பிரபுக்களின் வழக்கத்தில் அது புருவம் உயர்த்துகிற விஷயமல்ல. மேபலின் புருவம் உயர்ந்தது. தான் வேறு இரண்டு பெண்கள் மேல் ஆசை வைத்ததால் அவள் தன்னை வெறுத்தாள், தன்னை விட்டு அண்ணனிடம் போனாள், தன்மேல் புகாரும் கொடுத்தாள் என்று அவனே பின்னாளில் ஒப்புக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது. குதிரையில் ஏறி வந்தவள்தானே, இறங்கவும் தெரிந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்காரவில்லை.

1595 மே மாதம் கிளான்டிப்ரெட்டில் ஹியூவின் ஆட்கள் ஹென்றியின் படையை வழிமறித்து நொறுக்கினார்கள். ஜூனில் ஹியூவை ராணியின் அரசு துரோகி என்று அறிவித்தது. செப்டம்பரில் பழைய குலத் தலைவர் இறக்க, ஹியூ டல்லிஹோக் கல்லில் ஏறி ஓ'நீல் பட்டம் சூடினான். டிசம்பரில் மேபல் இறந்தாள். குழந்தை இல்லை. கல்யாணமாகி நாலு வருஷம் நாலு மாதம்.

1598 ஆகஸ்ட் 14, யெல்லோ ஃபோர்டு என்ற ஆற்றுத்துறை. முற்றுகையில் மாட்டிய ஒரு கோட்டையைக் காப்பாற்ற ஏறக்குறைய 4000 பேருடன் போன ஹென்றி, சண்டைக்கு நடுவில் சுற்றிலும் பார்க்கத் தலைக்கவசத்தின் முகமூடியை உயர்த்தினான். முகத்தில் குண்டு பாய்ந்தது. அல்ஸ்டரில் இங்கிலாந்துப் படை கண்ட மிகப் பெரிய தோல்வி அதுதான். அந்தக் குண்டு டங்கானன் கூரைக்கு வந்த ஈயமா என்று கேட்காதீர்கள். கேட்க எனக்கும் நாக்கு துடிக்கிறது.

பிற்காலத்தார் மேபலை எலிசபெத் காலப் போர்களின் ஹெலன் என்று அழைத்தார்கள். ட்ராய் நகரத்து ஹெலன் மாதிரி. எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. ஹெலனைக் கொண்டுபோனார்கள். இவள் போனாள்.

கடைசியாக, நிஜமான மேடைக்குப் பின்னால் ஒரு நிமிஷம். 1988 செப்டம்பர் 20, டெர்ரி நகரத்தின் கில்டுஹால். பிரையன் ஃப்ரீல் எழுதிய 'மேக்கிங் ஹிஸ்டரி' நாடகம் முதன்முதலாக மேடையேறியது. ஹியூவாக நடித்தவர் ஸ்டீபன் ரே. ஃப்ரீல் ஒரு குறும்பு வைத்தார்: ஹியூ பேசுவது உயர்குல ஆங்கிலேய உச்சரிப்பில், உணர்ச்சி முட்டும் சில இடங்களில் மட்டும் நாக்கு டைரோன் மண்ணுக்குத் திரும்பிவிடும். அவனுடைய அந்தப் பாதியையும் இந்தப் பாதியையும் வசனத்தில் விளக்காமல் நாக்கில் வைத்துவிட்டார் மனிதர்! இன்னொரு காட்சியில் அக்கா மேரி தங்கையைப் பார்க்க வருகிறாள், கைநிறைய மூலிகை விதைகளோடு. பெருஞ்சீரகத்தையும் சதகுப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துவிடாதே, கலந்துபோய் இதுவுமில்லாத அதுவுமில்லாத விதை வரும் என்று எச்சரிக்கிறாள். பாதி ஆங்கிலேய, பாதி வேல்ஸ் தங்கையிடம், பாதி ஆங்கிலேயனாக வளர்ந்தவன் வீட்டில் நின்றுகொண்டு!

நாடகத்தில் பேராயர் லொம்பார்டு ஓ'நீலின் வரலாற்றை எழுதுகிறார், வீரக் காவியமாக. அதில் மேபலுக்கு இடமில்லை. ஹியூ மன்றாடுகிறான், அவளை நடுவில் வை என்கிறான். பேராயர் மசிவதில்லை. ஃப்ரீல் மட்டும் மசிந்தார். வரலாற்றில் 1595-இல் இறந்தவளைத் தன் நாடகத்தில் 1601-ஆம் ஆண்டின் கின்சேல் போர் வரை உயிரோடு வைத்திருந்தார். தேதிகளைத் திருத்துவதற்கு எந்த எழுத்தாளரையும் நான் மன்னிக்க மாட்டேன். இவரை மன்னித்துவிட்டேன். ஆறு வருஷம்தானே, அள்ளிக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் ஃப்ரீலும் ஒன்றைக் காட்டவில்லை. அவர் நாடகம் திறப்பதே டங்கானனில், கல்யாணம் முடிந்து பெண் வீட்டுக்கு வரும் நாளில். பிஷப் எழுதியது டிரம்காண்ட்ரா அறையை. அண்ணன் எழுதியது தன் மானத்தை. ஹியூ எழுதியது நாகரிகத்தை. டர்வியிலிருந்து டிரம்காண்ட்ரா வரை நடுவில் பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கிறதே, எனக்கு அதுதான் வேண்டும். ஆகஸ்ட் மாதம், ஃபிங்கால் வயல்களில் கதிர் முற்றி நின்றிருக்கும். ஸ்வார்ட்ஸ் தாண்ட வேண்டும், சான்ட்ரி தாண்ட வேண்டும். முன்னால் இருப்பது காதலனின் முதுகுகூட இல்லை, அவனுடைய நண்பனின் முதுகு. காதலன் இன்னும் அக்கா வீட்டில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். பின்னால் வருவது அவன் குதிரையின் சத்தமா, அத்தான் வீட்டு ஆட்களின் குதிரைச் சத்தமா என்று தெரியாது. அவள் ஒரு கையால் வாரனின் இடுப்புப் பட்டையைப் பிடித்திருப்பாள், மற்றக் கையால் சங்கிலியை.